பாதி ரோட்டுக்கு ஒரு வாக்குறுதி

ஞாயிற்றுக்கிழமை மாலை சரியாக நாலு மணிக்கு எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. அழைப்பில் நாலு மணி என்று போட்டிருந்தோம். அந்த மனிதர் நாலு மணிக்கே வந்து காலிங் பெல்லை அடித்துவிட்டார்.

நம்மவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் நாலு மணி என்று போட்டால், நாலு மணிக்குக் கூப்பிட்டவர் குளிக்கப் போவார். நாலரைக்கு வருகிறவர் குளிக்கப் போவார். ஐந்தேகால் வாக்கில் முதல் கார் வந்து நிற்கும். டாலஸுக்கு வடக்கே இந்தப் புறநகரில் நாங்கள் குடியேறிய நாளிலிருந்து பிறந்தநாள், நவராத்திரி, வளைகாப்பு எல்லாம் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. யாரும் யார் மேலும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் நகர கவுன்சில் தேர்தலில் நிற்கும் ஒரு வேட்பாளருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

நான் அரை டிராயரில் இருந்தேன். இரவல் வாங்கிய மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி கையெல்லாம் கடலை மாவோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சொந்த ஊர் கோபிப் பக்கம். பதறினால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

"யாருங்க அது இந்நேரத்துல?"

"இந்நேரத்துலன்னா? நாமதான் இந்நேரத்துக்கு வரச் சொன்னோம்."

"அதுக்குன்னு வந்துருவாங்களா?"

வாசலில் நின்றவர் ஒல்லியாக, நெட்டையாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியக் குழுவுக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, அதில் தன் பெயர் எழுதிய சின்ன பேட்ஜ். வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்ததும் அவரே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார்.

"நான்தான் முதல் ஆளா?" என்றார்.

மற்றவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். அது பொய் இல்லை. சோப்புப் போட்டுக்கொண்டிருப்பதும் வந்துகொண்டிருப்பதில் ஒரு கட்டம்தானே.

அவரை நான் கூப்பிட்டதற்குக் காரணம் பொது வாழ்வில் ஆர்வம் அல்ல. ஒரு கிளாரினெட் பெட்டி.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவள், பள்ளிக்கு நடந்து போகிறவள். எங்கள் குடியிருப்பு முடிகிற இடத்தில் ஒரு பெரிய ரோடு. நடுவில் புல் போட்ட மீடியன், இரண்டு பக்கமும் கார்கள் பறக்கும். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ரோட்டைக் கடக்க ஒரு கோடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. பிப்ரவரியில் ஒரு காலை, அவள் பாதி இறங்கியபோது ஒரு பிக்கப் டிரக் வளைவில் நிற்காமல் திரும்பியிருக்கிறது. அவள் பின்னால் குதித்துவிட்டாள். கையிலிருந்த கிளாரினெட் பெட்டி விழுந்தது. டிரக் அதன் மேல் ஏறி, தன் பாட்டுக்குப் போய்விட்டது.

இதை அவள் சாயங்காலம்தான் சொன்னாள். பெட்டியை ஹாலில் வைத்துவிட்டு, "அப்பா, இட்ஸ் நாட் அ பிக் டீல். ஐ ஜம்ப்ட்" என்றாள். பிறகு சாப்பிட என்ன இருக்கிறது என்று ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

பெட்டியின் மேல் டயரின் தடம் ரப்பர் ஸ்டாம்பு குத்தியதுபோலத் தெளிவாக இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மனைவி வந்து வாங்கி, துணி அலமாரியில் போர்வைகளுக்குப் பின்னால் வைத்தாள். அவளும் அன்று என்னைக் கிண்டல் செய்யவில்லை. அது ஒன்றே எனக்கு விஷயத்தின் கனத்தைச் சொல்லிவிட்டது.

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். மகள் மாட்டேன் என்றாள். நடப்பது ஒன்றுதான் அவளுக்கு இந்த ஊரில் இருக்கும் சுதந்திரம் என்று அவள் தன் இங்கிலீஷில் வாதாடினாள். என் மனைவி அவள் பக்கம் சாய்ந்தாள். கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. நான் பின்னால் வரலாம், ஆனால் தெரியக் கூடாது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும், நாற்பத்தேழு வயதில், மணிக்கட்டுத் தடிமன் உள்ள ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"அப்பா, எவ்ரிஒன் கேன் சீ யூ" என்பாள் திரும்பிப் பார்க்காமலே.

நகர அலுவலகத்தின் இணையதளத்தில் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி நன்றி சொன்னார்கள். அந்த நன்றிகளோடு நான் அலைந்துகொண்டிருந்தபோதுதான் புல்வெளிகளில் தேர்தல் பலகைகள் முளைத்தன. இவருடைய பலகையில், 'நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்' என்று இருந்தது.

"கேக்கறேங்கறாரல்லங்க" என்றாள் மனைவி. "கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்லிப்போடுங்க."

அப்படித்தான் நாற்காலிகள் வந்தன, பஜ்ஜி மாவு கரைந்தது, ஒரு வேட்பாளர் எங்கள் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

வந்தவுடனே என் ரோட்டைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய் சாப்பிடுவதற்கு முன்னால் நம் காரியத்தைப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மனைவி சமையலறை வாசலிலிருந்தே கண்ணால் சொன்னாள், முதலில் சாப்பிடட்டும் என்று. நான் தட்டை நகர்த்தினேன். அவரோ, பேச வந்த வேட்பாளர், பேசி முடிப்பதற்கு முன்னால் சாப்பிடுவது மரியாதை இல்லை என்று நினைத்தார்போல. தட்டைப் பாராட்டிவிட்டு நகர்த்தி வைத்தார். நான் மறுபடி நகர்த்தினேன். இப்படி வாழைக்காய் பஜ்ஜி எங்கள் இருவருக்கும் நடுவே போய்வந்து ஆறியது.

அதற்குள் நகராட்சியின் முன்னுரிமைகள் அனைத்தையும் நான் ஒருவனாகக் கேட்டுவிட்டேன்.

முதலில் தண்ணீர்க் குழாய். எங்கள் ஊர் மண் களிமண். கோடையில் சுருங்கும், மழையில் உப்பும், அந்த இழுபறியில் பழைய குழாய்கள் உடையும். அவற்றை மாற்றாமல் புதுப் பூங்கா திறப்பது வீண் என்பது அவர் கருத்து. குழாயைப் பற்றி ஒருவர் இவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்தது ஆம்புலன்ஸும் தீயணைப்பும். கூப்பிட்டால் எத்தனை நிமிஷத்தில் வருகிறார்கள் என்பதுதான் ஒரு நகரத்தின் தரம் என்றார். வீட்டு வரியை ஏற்றக் கூடாது. நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். கவுன்சில் நன்றாக வேலை செய்தால் கவுன்சில் என்று ஒன்று இருப்பதே ஜனங்களுக்கு மறந்துபோக வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தால் நான்தான் சிறந்த குடிமகன், இத்தனை வருஷம் எனக்கு அது நினைவே வந்ததில்லை.

சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. குழாய்க்கும் ஆம்புலன்ஸுக்கும் பின்னால் வரிசையில் நின்று என் மகள் எப்போது ரோட்டைத் தாண்டுவாள்?

ஐந்தேகாலுக்கு மேல் கார்கள் வந்தன. வாசலில் செருப்பு மலையானது. அவருடைய ஷூ அதற்குள் புதைந்தது. ஹால் நிறைந்ததும் அவர் எழுந்து நின்று, எனக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொன்னார். வாத்தியார் என்பதால் குரல் கடைசி நாற்காலி வரை போனது. நம்மவர்களும் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி தலையாட்டினார்கள். பிறகு கேள்விகள்.

கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று ஒருவர் கேட்டார். அது வாஷிங்டன் என்றார் வேட்பாளர். பள்ளியில் கணக்குப் பாடத்தை ஏன் மெதுவாக நடத்துகிறார்கள் என்று ஒரு அம்மா கேட்டார். அது பள்ளி நிர்வாகம், தனி வாரியம், தனித் தேர்தல். டோல் ரோட்டுக் கட்டணம்? அது வேறு அமைப்பு. கிரிக்கெட் விளையாட ஒரு நல்ல மைதானம்? அவர் முகம் மலர்ந்தது. அது எங்களுடையது, பேசலாம் என்றார். கிரிக்கெட் எத்தனை மணி நேரம் நடக்கும் என்று கேட்டார். யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். மலர்ந்தது கொஞ்சம் கூம்பியது.

கரூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இவரு எந்தக் கட்சி?" என்றார்.

"இங்க கவுன்சில் தேர்தல்ல கட்சி கிடையாதுங்க, அங்கிள்."

"கட்சி இல்லாம? சரி. சம்பளம் என்ன தர்றாங்க?"

கேட்டுச் சொன்னேன். ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று.

பெரியவர் வேட்பாளரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். ஓட்டை விழுந்த காலுறையில் பார்வை நின்றது. "பாவம். வீட்ல ஏதாவது பிரச்சினையா இருக்கும்" என்றார்.

பெரியவர் என்ன சொல்கிறார் என்று வேட்பாளர் கேட்டார். வாழ்த்துகிறார் என்றேன்.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் மூச்சு விட்டபோது வேட்பாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, இந்த அறையில் மே மாதம் ஓட்டுப் போடப் போகிறவர்கள் கை தூக்குங்கள், என் மனம் குளிரட்டும் என்றார்.

மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் யாரும் மோசக்காரர்கள் அல்ல. கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள், வந்தோம். பாதிப் பேர் வேலை விசாவில் இருக்கிறார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர் என்னைப்போல கிரீன் கார்டு; இரண்டுக்கும் ஓட்டுக் கிடையாது. ஓட்டுப் போட முடியுமா என்று வருகிறவர்களைக் கேட்டுவிட்டு யாராவது பஜ்ஜி போடுவார்களா? எங்கள் வீட்டில் ஒரே அமெரிக்கக் குடிமகள் என் மகள்தான். அவளுக்கு ஓட்டு வர இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூலையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினார். பிறகு ஜன்னல் பக்கம் ஒரு நண்பர் பாதிக் கை தூக்கினார். அவர் சிட்டிசன் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. எந்தத் தெரு என்று வேட்பாளர் கேட்டார். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்று சொன்னார் நண்பர்.

"அது பக்கத்து நகரம்" என்றார் வேட்பாளர் மெதுவாக. "நீங்கள் எனக்கு ஓட்டுப் போட முடியாது."

"அதெப்படி, நாம எல்லாம் ஒரே ஊர் இல்லையா?" என்றார் நண்பர் தமிழில், எங்களைப் பார்த்து. "ஒரே ஸ்கூல், ஒரே காஸ்ட்கோ கடை. இத்தனை நாளா நான் வேற ஊர்லயா இருந்தேன்?"

இவ்வளவு பஜ்ஜிக்கும் ஒரு ஓட்டு. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. இனி எந்த முகத்தோடு ரோட்டைப் பற்றிக் கேட்பது? வேட்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு முதல்முறையாகத் தட்டை எடுத்து, ஆறிப்போன ஒரு பஜ்ஜியைக் கடித்தார். அதில் மிளகாய் இருந்தது. கண் கலங்கியது அதனால்தான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

அவர் சாப்பிட ஆரம்பித்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். விருந்தாளி வாயில் ஒன்று போனதும் தடை விலகிவிட்டது. நேராக உள்ளே போனாள், போர்வைகளுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்தாள், பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏனுங்க, குழாயப் பத்தியே எத்தனை நேரம் பேசுவீங்க ரெண்டு பேரும்? இதக் காட்டுங்க."

நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் ஆயிரம் கிளாரினெட் பெட்டிகளைத் திறந்திருப்பார். விரல்களைத் துடைத்துக்கொண்டார். கொக்கி நசுங்கியிருந்தது. அதை எப்படி நெம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. உள்ளே கிளாரினெட் மூன்றாகப் பிளந்து கிடந்தது. அதைத் தொடவில்லை. மூடியின் மேலிருந்த டயர் தடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இது யாருடையது?" என்றார்.

மகள் படியிலிருந்து கை தூக்கினாள். அன்று மாலை மூன்றாவதாகத் தூக்கிய கை.

"இது விழுந்தபோது உன் கை எங்கே இருந்தது?"

அவள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். என்னிடம் சொன்னபோது எடுத்துக்கொள்ளாத நேரம். "ஆன் த ஹாண்டில்" என்றாள். கை கைப்பிடியில்தான் இருந்திருக்கிறது; டிரக் அவ்வளவு கிட்டே வந்திருக்கிறது. குரல் சின்னதாக இருந்தது. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்கவில்லை. அதை எனக்குக் கேட்காமல் இத்தனை வாரம் மறைத்து வைத்திருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. கரூர்ப் பெரியவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எந்த இடம் என்று வேட்பாளர் கேட்டார். சொன்னேன். அவர் தன் ஃபோனில் வரைபடத்தைத் திறந்து, முகம் சுளித்து, என்னிடம் நீட்டினார். நகர எல்லை அந்த ரோட்டின் மீடியன் வழியாகவே போகிறது. எங்கள் வீட்டுப் பக்கத்துக் கார்கள் இந்த நகரத்தில் ஓடுகின்றன. பள்ளிப் பக்கத்துக் கார்கள் அடுத்த நகரத்தில் ஓடுகின்றன. என் மகள் தினமும் காலையில் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், பாஸ்போர்ட் இல்லாமல்.

"நான் ஜெயித்தால் பாதி ரோட்டுக்கு வாக்குக் கொடுக்க முடியும்" என்றார். "மற்றப் பாதி என் கையில் இல்லை. அதைக் கேட்டுப் பார்க்கலாம்."

அரசியல்வாதிகளின் வாக்குறுதி பாதிதான் நிறைவேறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முன்கூட்டியே பாதியாகக் கொடுத்தவரை அன்றுதான் பார்த்தேன். அவர் போகும்போது ஷூவைத் தேட நான்கு பேர் உதவினோம். மீதி பஜ்ஜியை மனைவி அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்றார். வேண்டாம் என்பதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

மே மாதம் அவர் ஜெயித்துவிட்டார். கொஞ்ச ஓட்டில்தான். மூலையில் கை தூக்கிய அந்தப் பெண் இப்போதும் அது தன் ஓட்டுத்தான் என்று எல்லா விருந்திலும் சொல்கிறார். யாரும் மறுப்பதில்லை.

பள்ளி திறப்பதற்குள் வாக்குறுதி நிறைவேறியது. மிகச் சரியாக நிறைவேறியது. எங்கள் பக்கத்து நடைபாதையிலிருந்து மீடியன் வரை அகலமான வெள்ளைக் கோடுகள், அமுக்கினால் மஞ்சளாக மின்னும் விளக்கு, சக்கர நாற்காலி இறங்கும் சரிவு. எல்லாம் மீடியனோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் பழைய ரோடு, பழைய வேகம். மகள் பொத்தானை அமுக்குவாள், கார்கள் பணிவாக நிற்கும், அவள் மகாராணிபோல நடந்து நடுவில் வருவாள். அங்கே புதுக் கிளாரினெட் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருப்பாள். அது வரைக்கும் வந்ததே என்று எனக்கு நிம்மதி வரவில்லை. நடு ரோட்டில் பிள்ளையை நிறுத்திவைத்துவிட்டோமே என்றுதான் இருந்தது.

"அரைச் சுவத்துல வெள்ளையடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள் மனைவி.

நான் பக்கத்து நகரத்தின் கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். மைக் முன்னால் பேச மூன்று நிமிஷம் கொடுப்பார்கள். ஆபீஸில் மணிக்கணக்கில் பிரசன்டேஷன் கொடுக்கிறவன், என் மகள் என்ற இரண்டு வார்த்தையோடு நின்றுவிட்டேன். மிச்ச நேரத்தில் பெரும்பாகம் கடிகாரம்தான் ஓடியது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது கடைசி வரிசையில் எங்கள் கவுன்சிலர் இருந்தார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அது அவர் ஊரே இல்லை. அவரும் தன் மூன்று நிமிஷத்தை வாங்கிக்கொண்டு போய் நின்றார். நசுங்கிய பெட்டியைப் பற்றிப் பேசினார். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பரிசீலிக்கிறோம் என்றார்கள். நன்றியும் சொன்னார்கள்.

அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதம் மனைவியும் வந்தாள், ரோட்டுக்கு அந்தப் பக்கத்து நண்பரும் வந்தார். தனக்கு ஓட்டு இருக்கும் ஊர் எது என்று தெரிந்துகொண்டதில் அவருக்கு ஒரு புது மிடுக்கு வந்திருந்தது. இதற்கிடையே மகள் என்னை மீடியன் வரை வர அனுமதித்தாள். அங்கிருந்து அந்தப் பக்கம் போகும்வரை நான் பார்த்துக்கொண்டு நிற்கலாம், கை காட்டக் கூடாது. அவள் போன பிறகும் நான் அங்கேயே நிற்பேன். இன்னும் எங்கேயாவது ஒரு பிக்கப் டிரக் உறுமினால் என் கையில் இருப்பது நழுவுகிறது. அது சரியாவதற்குக் கோடு போட முடியாது என்று தெரியும். ஆனாலும் நிற்பேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மகள் பள்ளிக்குள் போய்க் கதவு சாத்திய பிறகு, பக்கத்து நகரத்தின் சின்னம் போட்ட ஒரு லாரி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து என் எதிரே நின்றது. பின்னால் பெயிண்ட் இயந்திரம், அடுக்கி வைத்த ஆரஞ்சுக் கூம்புகள். ஓட்டி வந்த பெண் கண்ணாடியை இறக்கி, என்னையும் நான் நின்ற இடத்தையும் பார்த்து, இங்கிலீஷில் கேட்டாள்.

"சார், நீங்க ரோட்டைத் தாண்டப் போறீங்களா, இல்ல சும்மா நிக்கிறீங்களா? சும்மாதான்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்களுக்கு இங்கதான் வேலை."